கொசுவை விரட்டும் இலையும் கொசுவை வளர்க்கும் மங்கும்

(ஜொகூர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று எங்களிடம் கொடுக்கப்பட்டிருக்கும் பொருள், நோய் பரப்பும் கொசுவை மூலிகைச் சாற்றால் ஒழிக்க முடியுமா என்பது. கேட்பதற்குச் சின்னப் பொருளாகத் தோன்றலாம். ஆனால் மலாயாத் தோட்டங்களின் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தால், துரையைப் பற்றி ஓர் அத்தியாயமும் கங்காணியைப் பற்றி ஓர் அத்தியாயமும் எழுதுகிறவன், கொசுவைப் பற்றி இரண்டு அத்தியாயம் எழுதியாக வேண்டும். கப்பலேறி வந்த நம் முன்னோரில் எத்தனையோ பேரைக் காடு கொல்லவில்லை, புலி கொல்லவில்லை; காய்ச்சல் கொன்றது. அந்தக் காய்ச்சலைச் சுமந்து வந்தது கொசு.

அதெல்லாம் பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது. 182 பேர் மாண்டார்கள். ஆகவே, கொசுவை எப்படி ஒழிப்பது என்பது நமக்கு வயிற்றுப் பிரச்சனையைப் போலவே உயிர்ப் பிரச்சனை.

நாங்கள் சொல்லப் போவதைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மூலிகைக்குச் சக்தி உண்டு. அதை ஏளனம் செய்கிறவன் விஷயம் அறியாதவன். ஆனால் மூலிகை ஒரு துணைவன், தலைவன் அல்ல. தேங்கி நிற்கும் தண்ணீரை ஒழிக்காமல் வேப்பிலையையும் செராயையும் நம்பி உட்கார்ந்திருப்பது, ஓட்டைப் படகில் இருந்துகொண்டு சிரட்டையால் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும்.

எதிரியை முதலில் அறிவோம்

கொசுவில் ஒரு ஜாதி இல்லை. நம்மைப் பொறுத்தவரை இரண்டு கூட்டத்தாரை அறிந்தால் போதும்.

ஒன்று அனோபிலிஸ். மலேரியாவைப் பரப்புவது இது. பெரும்பாலும் இரவில் கடிக்கும். ஓடை, ஊற்று, சதுப்பு ஆகிய இடங்களில் முட்டையிடும்.

இரண்டாவது ஏடிஸ். உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்டிருக்கும். டிங்கியைப் பரப்புவது இது. இதிலும் இரண்டு வகை. ஒன்று வீட்டுக்குள்ளேயே குடியிருப்பது. மற்றொன்று தோட்டத்திலும் தோப்பிலும் புதரிலும் வாழும் புலிக்கொசு. இது பகலில் கடிக்கும். அதிலும் விடிந்த நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும் அதிகம் கடிக்கும். தோழர்களே, அது எந்த நேரம்? நாம் கத்தியோடு நிரையில் நிற்கிற நேரம்! குழந்தைகள் லயத்து முற்றத்தில் விளையாடுகிற நேரம்!

ஏடிஸுக்கு ஓடையும் வேண்டாம், குளமும் வேண்டாம். ஒரு கை அளவுத் தண்ணீர் போதும். பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றிவிட்டாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். மறுபடி மழை பெய்து நீர் ஏறியதும் பொரியும். மலாய்க்காரர்கள் ஜெந்திக்-ஜெந்திக் என்று சொல்லும் அந்தப் புழு, நீருக்குள் துள்ளித் துள்ளி வளர்ந்து, நம் நாட்டு வெப்பத்தில் ஏழெட்டு நாள் முதல் பத்து நாளுக்குள் இறகு முளைத்துப் பறந்துவிடும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை என்று நாங்கள் பிறகு சொல்லப்போவதற்குக் காரணம் இதுதான்.

வாட்சன் காலத்துப் பாடம்

கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்கிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897-இல் நம் தாய்நாட்டிலுள்ள சிகந்தராபாத்தில் கண்டுபிடித்தார். நான்கு ஆண்டு கழித்து, 1901-இல், மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானுக்கு அரசாங்க வைத்தியராக வந்தார். அங்கே மலேரியா மக்களை வாரிக்கொண்டு போயிற்று. அவர் சதுப்பை வடித்தார், ஊரைச் சுற்றியிருந்த காட்டை வெட்டினார், கால்வாய் தோண்டினார். காய்ச்சல் இறங்கியது.

சமவெளியில் இருந்த அனோபிலிஸ், நிழலான சதுப்பு நீரை விரும்பும் வகை. காடு போய் வெயில் பட்டதும் அது ஓடிவிட்டது. நல்லது என்று மேட்டு நிலத் தோட்டங்களிலும் அதே வைத்தியத்தைச் செய்தார்கள். என்ன நடந்தது? அங்கே வேறொரு வகை அனோபிலிஸ் காத்திருந்தது. மக்குலேட்டஸ் என்று அதற்குப் பெயர். வெயில் படும் தெளிந்த ஓடையும் ஊற்றுநீரும்தான் அதற்குப் பிரியம். மரத்தை வெட்டி வெயிலை உள்ளே விட்டதும் அதற்கு மாளிகை கட்டிக் கொடுத்ததுபோல் ஆயிற்று. காய்ச்சல் இறங்குவதற்குப் பதிலாக ஏறிற்று! பிறகுதான் ஊற்றுநீரை மண்ணுக்கடியில் குழாய் வைத்துக் கொண்டுபோவதும், ஓடையின்மேல் எண்ணெய் தெளிப்பதும் வந்தன. நம் பாட்டன்மார் முதுகில் தகரம் கட்டிக்கொண்டு ஓடை ஓடையாக மலேரியா எண்ணெய் அடித்தது இதனால்தான்.

இந்தப் பாடம் நம் ஜொகூருக்கு நன்றாகப் பொருந்தும். பொந்தியான், பத்து பகாட் பக்கம் தாழ்ந்த நிலம். குளுவாங், லாபிஸ், சிகாமட் பக்கம் ஏற்ற இறக்கம். ஓர் இடத்தில் மருந்தாவது வேறோர் இடத்தில் விஷமாகலாம். எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்று கேளாமல் கொடுக்கும் வைத்தியம் கண்ணை மூடிக்கொண்டு பால்மரம் வெட்டுவதுபோல்தான். எண்ணெய்க்கு இது உண்மை. இலைக்கும் இது உண்மை.

செடி கொடுத்த பெரிய கொடைகள்

மூலிகையை நாங்கள் குறைத்துப் பேசுவதாக நினைத்துவிடாதீர்கள். மலேரியாவுக்கு உலகம் கண்ட முதல் நல்ல மருந்து கொய்னா. அது தென் அமெரிக்காவின் சிங்கோனா மரத்துப் பட்டை. 1820-இல் பிரெஞ்சுக்காரர் இருவர் அந்தப் பட்டையிலிருந்து சத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஜப்பான்காரன் ஆட்சியில் கொய்னா கிடைக்காமல் தோட்டங்களில் மக்கள் பட்ட பாட்டையும், சயாம் ரயில் பாதையில் நம்மவர்கள் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையானதையும் நம் குடும்பங்களில் இன்னும் மறக்கவில்லை. பிற்காலத்தில், 1972-இல், சீன நாட்டு அம்மையார் தூ யூயூவின் குழுவினர் ஒரு மாசிப்பத்திரி இனச் செடியிலிருந்து ஆர்ட்டிமிசினின் என்ற சத்தைப் பிரித்தார்கள். அதற்காக அந்த அம்மையாருக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று மலேரியாவுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்து அந்த இலை தந்ததே.

கொசுவைக் கொல்லும் செடியும் உண்டு. கடைகளில் வாங்குகிறோமே கொசுவர்த்திச் சுருள், அதன் மூலம் ஒரு பூ. பைரீத்திரம் என்ற வெள்ளைச் சாமந்தி இனத்துப் பூவைக் காயவைத்துப் பொடி செய்து, ஜப்பானில் ஊயேயாமா என்பவர் முதலில் ஊதுவத்தி போல் செய்தார். பிறகு நெடுநேரம் எரியவேண்டும் என்று சுருளாக ஆக்கினார். இன்றைய சுருள்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது பூ அல்ல. பூவின் சத்தைப் பார்த்துத் தொழிற்சாலையில் செய்த மருந்து. பெட்டியில் இலைப்படம் போட்டிருப்பதால் மட்டும் உள்ளே இலை இருக்கிறது என்று பொருளில்லை.

நம் மண்ணுக்கே சொந்தமான ஒன்று தூபா வேர். மலாய்க்காரர்கள் அந்த வேரை இடித்து, வெள்ளைப் பாலை ஆற்றில் கலந்து, மயங்கி மிதக்கும் மீனைப் பிடித்தார்கள். சீனத் தோட்டக்காரர்கள் அதே பாலைக் காய்கறிப் பூச்சிக்குத் தெளித்தார்கள். ரோட்டினோன் என்பது அதிலுள்ள விஷத்தின் பெயர். 1930-களில் மலாயாவிலிருந்து தூபா வேர் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. இளம் ரப்பர் வரிசைகளுக்கு நடுவே ஊடுபயிராகவும் நட்டார்கள். போருக்குப் பிறகு டி.டி.டி. வந்ததும் அதன் மவுசு குறைந்தது.

இந்தத் தூபாப் பால் கொசுப்புழுவைக் கொல்லுமா என்றால், கொல்லும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அதே தண்ணீரில் இருக்கும் மீனும் சாகும். கொசுப்புழுவைத் தின்று நமக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறது மீன். அதைக் கொன்றுவிட்டால், விஷம் வெயிலில் கரைந்த மறுவாரம் கொசு திரும்பி வரும். தடுக்க மீன் இராது. அதோடு, விஷமிட்டு மீன்பிடிப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். செடியிலிருந்து வந்ததெல்லாம் சாது என்ற எண்ணத்தை நாம் விட்டுவிட வேண்டும். எட்டியும் செடிதான், அரளியும் செடிதான்.

வேம்பும் செராயும்

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். லயங்களில் பேசிப் பார்த்தால் மூன்று வைத்தியங்களைத்தான் சொல்கிறார்கள். வேம்பு, செராய், புகை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வேம்பு. இது சும்மா நம்பிக்கை அல்ல. வேப்பங்கொட்டையில் அசாடிராக்டின் என்ற சத்து இருக்கிறது. 1968-இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது கொசுப்புழுவை உடனே கொல்லாது. புழு தோலுரித்து வளரும் வேலையைக் கெடுக்கும். புழு கொசுவாக முடியாமல் மாளும். தமிழ்நாட்டில், மதுரையிலுள்ள மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் நெல்வயல்களில் இதைச் சோதித்தார்கள். டி. ஆர். ராவ், ரேச்சல் ரூபன் முதலானோர் 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். மூளைக்காய்ச்சல் பரப்பும் கொசுக்கள் அந்த வயல்களில் வளர்கின்றன. வேப்பம் பிண்ணாக்கு போட்ட வயலில் கொசுப்புழு குறைந்தது. அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. வயலில் எப்போதும் நீரைத் தேக்கிவைக்காமல், விட்டு விட்டு நீர் பாய்ச்சும் முறையையும் வேம்போடு சேர்த்துச் சோதித்தார்கள். வேம்பும் தண்ணீர்க் கட்டுப்பாடும் சேர்ந்தபோது நல்ல பலன் கிடைத்தது.

தோழர்களே, இந்த ஒரு செய்தியை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனாலே இந்தக் கூட்டம் வீண்போகவில்லை என்போம். வேம்பு பிறந்த நாட்டிலேயே, வேம்பை முறைப்படி ஆராய்ந்தவர்களே, வேம்பை மட்டும் நம்பி நிற்கவில்லை.

மேலே பூசும் வேப்பெண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். டில்லி மலேரியா ஆராய்ச்சி மையத்தார் 1993-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். நூறு பங்கில் 2 பங்கு வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து பூசியவர்களை அனோபிலிஸ் இரவு முழுதும் கடிக்கவில்லை என்றார்கள். நல்ல செய்திதான். ஆனால் அது இரவில் கடிக்கும் மலேரியாக் கொசு. நம் நிரையில் பகலில் கடிக்கும் ஏடிஸுக்கு அந்தச் சோதனையை அப்படியே சாட்சியாகக் கொள்ள முடியாது.

தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு உள்ளே கொடுக்கவே கூடாது. சளிக்கும் வயிற்றுக்கும் நல்லதென்று பாலாடையில் கொஞ்சம் புகட்டும் வழக்கம் நம்மிடையே இருந்தது. அப்படிப் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் சில மணி நேரத்தில் வாந்தியெடுத்து, மயங்கி, வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு வந்ததை மலேசிய டாக்டர்களே கண்டு, 1981-இல் லான்செட் என்ற உலக வைத்திய சஞ்சிகையில் எழுதினார்கள். மூளையும் ஈரலும் கெட்டுச் சில உயிர்களும் போயின. வேம்பு அம்மன் மரம்தான். ஆனாலும் அதன் எண்ணெய் பச்சைக் குழந்தையின் வயிற்றுக்கு விஷம்.

செராய். செராய் வாஙியிலிருந்து காய்ச்சுவதுதான் சித்ரோனெல்லா எண்ணெய். இது கொசுவைக் கொல்லுவதில்லை. வாடையால் நம்மை மறைக்கிறது. அந்த வாடை ஆவியாகிப் போகும்வரைதான் காவல். பல சோதனைகளில் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம். நிரையில் வியர்வை ஓடும் உடம்பில் அதற்கும் குறைவே. வாசலில் செராய்ச் செடி நட்டுவைத்தால் கொசு வராது என்பது ஆதாரமில்லாத பேச்சு; இலையைக் கசக்காமல் எண்ணெய் வெளியே வருவதில்லை. எண்ணெயை அப்படியே பூசினால் சிலருக்குத் தோல் எரியும். கண்ணில் பட்டால் ஆபத்து. செடியிலிருந்து வந்ததில் நெடுநேரம் நிற்பது எலுமிச்சை வாசனை யூகலிப்டஸிலிருந்து பக்குவப்படுத்திய மருந்துதான். கடையில் சீட்டைப் படித்து வாங்குங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அதைப் பூசக்கூடாது.

புகை. வேப்பிலை, நொச்சி, தேங்காய் மட்டை போட்டுப் புகைத்தால் அந்த நேரத்துக்குக் கொசு ஒதுங்கும். ஆனால் புகை கொசுவுக்கு மட்டும் கண்டிப்புக் காட்டாது. நம் நுரையீரலுக்கும் காட்டும். மலேசியாவிலும் சீனாவிலும் விற்ற கொசுச் சுருள்களைச் சோதித்து 2003-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஒரே ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் எரித்த அளவு நுண்துகள் வெளிவருகிறது என்று கண்டார்கள். கதவைச் சாத்திய அறையில், தொட்டிலுக்குப் பக்கத்தில் சுருளைக் கொளுத்துகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கொசுவலை எவ்வளவோ மேல்.

ஏன் வீட்டுச் சாறு போதாது?

"விஞ்ஞானிகள் இலைச்சாற்றால் புழு செத்தது என்று எழுதுகிறார்களே, நாம் இடித்து ஊற்றினால் என்ன?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிராணிமார்களே, நீங்கள் கணக்கில் வல்லவர்கள். நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆய்வுக்கூடத்தில் பல இலைச்சாறுகளுக்கு லிட்டருக்குப் பத்துக் கணக்கிலிருந்து நூற்றுக் கணக்கான மில்லிகிராம் வரை தேவைப்படுகிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப் பின்னால் இருக்கும் 200 லிட்டர் பீப்பாய்க்கு 20 கிராம் ஆகும். இது இலையின் எடை அல்ல. சாராயம் போன்ற திரவத்தில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்த கெட்டிச் சத்தின் எடை. அதற்கு எத்தனை கூடை இலை வேண்டும்? யார் வடிப்பது? மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப இலையின் வீரியமும் மாறும். வெயில் பட்டால் சத்து சிதையும். அப்புறம் அடுத்த வாரம் திரும்பவும் ஊற்ற வேண்டும். அரைகுறையாக ஊற்றிய சாறு அழுகினால், அந்த அழுகல் நீர் வேறு ஜாதிக் கொசுவுக்கு விருந்தாகும்!

சுகாதார இலாகாவினர் பயன்படுத்தும் அபேட் மணல் மருந்து 10 லிட்டருக்கு 1 கிராம். 200 லிட்டருக்கு 20 கிராம் மணல். அது பல வாரம் வேலை செய்யும். எனினும் அதற்கும் கொசு பழகிப்போகலாம். டி.டி.டி.க்குப் பழகியது, தெளிப்பு மருந்துகளுக்கும் மலேசிய ஏடிஸ் பழகி வருவதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். ஆகவேதான் புதிய மருந்தைச் செடிகளில் தேடுகிறார்கள். ஒரு செடியில் பல சத்துகள் சேர்ந்திருப்பதால் கொசு அத்தனைக்கும் ஒருசேரப் பழகுவது கடினம் என்பது அவர்கள் எண்ணம். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தார், காயாபுத்தித் தைலம் தரும் கேலாம் மரத்து எண்ணெயை ஏடிஸ் மீது சோதித்திருக்கிறார்கள். அந்த முயற்சியை வாழ்த்துவோம். ஆனால் அது முறையான மருந்தாகி நம் கைக்கு வரும்வரை நாம் சும்மா இருக்க முடியுமா?

மங்கைக் கவிழ்ப்போம்

இப்போது நம் தொழிலுக்கே வருகிறோம். தோழர்களே, தோட்டத்தில் புலிக்கொசுவுக்குத் தொட்டில் எது தெரியுமா? நம் கையில் தினமும் புழங்கும் மங்குதான்!

பால் வடிகிற நாளில் மங்கில் நீர் நிற்க வழியில்லை. ஆனால் இலையுதிர் காலத்தில், வெட்டு நின்ற மரத்தில், தொடர் மழையில் வேலை இல்லாத நாளில், மங்கு வாயைத் திறந்துகொண்டு மழையை வாங்குகிறது. லாவோஸின் ரப்பர்க் காடுகளில் ஆராய்ச்சி செய்தவர்கள், பால் மங்குகளில் புலிக்கொசுப் புழு வளர்வதைக் கண்டு, வேலையில்லாத காலத்தில் மங்கைக் கவிழ்த்துவையுங்கள் என்று எழுதினார்கள். ஒரு நிரையில் 500 மரம் என்று கொள்வோம். நூற்றுக்கு இரண்டு மங்கில் நீர் நின்றாலும் பத்து மங்கு. ஒவ்வொன்றிலும் இருபது புழு என்றால், பத்து நாளில் இருநூறு கொசு. ஒரே நிரையில்! இதற்கு எந்த இலைச்சாற்றை எத்தனை மரத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது? கவிழ்ப்பதற்கோ கை ஒன்று போதும், காசு வேண்டாம்.

பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. சில துண்டுகளில் வெட்டாமலே விட்ட பால்மரங்கள் மங்கோடு நிற்கின்றன. ஆள் போகாத அந்தத் துண்டில் பிறக்கும் கொசு, எல்லைக் கல்லைப் பார்த்துத் திரும்பிப் போகாது. அந்த மங்குகளைக் கழற்றி எடுக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் இதே மாதிரிதான். வாரம் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். பீப்பாய், வாளி, பூச்சாடித் தட்டு, பழைய டயர், தகரக் கூரையின் பீலி, பூசை அறைச் செம்பு எல்லாவற்றையும் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது; உட்சுவரை நார் போட்டுத் தேய்க்க வேண்டும், ஏனென்றால் முட்டை சுவரில் ஒட்டியிருக்கிறது. கொட்ட முடியாத தொட்டியை மூடிவையுங்கள். இல்லையேல் மணல் மருந்து போடுங்கள்.

காட்டோரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. 2018-ஆம் ஆண்டில், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் ஒருவருக்கும் இல்லை என்ற நிலையை மலேசியா எட்டியது. ஆனால் குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியா இருக்கிறது. மனிதருக்கு அது இயற்கையாகத் தொற்றியது முதன்முதலில் அறியப்பட்டதே 1965-இல் பகாங்கில்தான். காய்ச்சல் கண்டால் டாக்டரிடம், "நான் காட்டோரத் தோட்டத்தில் வேலை செய்கிறேன்" என்று கேட்காமலே சொல்லுங்கள். இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் காய்ச்சலானாலும் கஷாயம் குடித்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாதீர்கள். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நாளே அபாய நாளாகலாம்.

யாருடைய கடமை?

கடைசியாக ஒன்று. மங்கைக் கவிழ்ப்பது நம் கடமை என்றோம். அப்படியானால் கால்வாய் யாருடைய கடமை? குழாய்த் தண்ணீர் யாருடைய கடமை? குழாயில் நீர் ஒழுங்காக வந்தால் எந்தத் தாய் பீப்பாயில் பிடித்துவைக்கப் போகிறாள்? வடிகால் அடைபட்டு லயத்துக்குப் பின்னால் நீர் தேங்குவதற்குக் குடியிருப்பவனைக் குறை சொல்லி என்ன பயன்?

தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளின் குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990-ஆம் ஆண்டில் வந்தது. குடியிருப்பும் நீரும் சுகாதாரமும் முதலாளியின் பொறுப்பு என்று அது வகுத்திருக்கிறது. கொசு வளர இடம் கொடுப்பவர்மீது 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் பாய்கிறது. அது லயத்துக்கு மட்டுமல்ல, பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் பொருந்தும். ஆகவே நாளைக்கு யாராவது வந்து, "கால்வாய்க்குப் பணமில்லை; ஆளுக்கு நாலு செராய் நட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், செராயை வாங்கிக் குழம்புக்கு வைத்துக்கொண்டு, கால்வாய் எப்போது வெட்டுவீர்கள் என்று கேளுங்கள். மூலிகை நமக்கு உதவியாக வரட்டும்; பிறருடைய கடமைக்குச் சாக்காக வரக்கூடாது.

இங்கேதான் கிராணிமார்களின் உதவி வேண்டும். எந்த லயத்தில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எந்தத் துண்டில் மங்கு கவிழ்க்கப்படவில்லை, எந்தக் கால்வாய் எந்தத் தேதியிலிருந்து அடைபட்டிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். தேதியிட்டு எழுதியது மேசைமேல் நிற்கும். கடிதம் நிர்வாகத்துக்கு ஒன்று, சங்கக் கிளைக்கு ஒன்று. பதில் வராவிட்டால் சுகாதார இலாகாவுக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் எழுதுவோம்.

தோழர்களே, தாய்மார்களே! எண்ணெய்த் தகரத்தை முதுகில் சுமந்து ஓடையோரம் நடந்த நம் பாட்டன்மார் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் அவர்கள் வாரம் தவறாமல் நடந்தார்கள். அதனால் நாம் பிறந்தோம். நமக்கு வைத்திருக்கும் வேலை அதைவிட எளிது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆண்கள் நிரைக்குப் போய் மங்கைக் கவிழ்க்கட்டும். பெண்கள் பீப்பாயைத் தேய்க்கட்டும். பிள்ளைகள் டயரையும் டின்னையும் பொறுக்கட்டும். கிராணிமார்கள் நோட்டைத் திறக்கட்டும். அடுத்த ஞாயிறும் அதே வேலை. அதற்கடுத்த ஞாயிறும் அதே வேலை. வேப்பிலையை வாசலில் கட்டுகிறவர்கள் கட்டுங்கள். வாசலுக்கு வெளியே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டுக் கட்டுங்கள்.